பழைய மோட்டார்ஹோமில் கூரை விசிறி: வேலை இருப்பது ஓட்டையின் ஓரத்தில்

நண்பகல் வெயிலில் நிறுத்திய பழைய மோட்டார்ஹோமுக்குள் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) ஒரு தடவை ஏறிப் பார்த்தால் போதும், விசிறி எதற்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடம் மாதிரி இருக்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் பொழுது சாய்ந்து ஒரு மழையும் பெய்துவிட்டால் வெளியே இதமாகிவிடும். வண்டிக்குள் மட்டும் பகல் சூடு போகாமல் அடைந்து கிடக்கும். ஏர்கோன் போடப் பெரும்பாலும் வெளி மின்சாரம் வேண்டும், இல்லையென்றால் ஜெனரேட்டரை ஓட விட வேண்டும். கூரை விசிறிக்கு 12 வோல்ட் பேட்டரி போதும்.

விசிறியை மாட்டுவது ஒரு மணி நேர வேலைதான். அதற்கு முன், பழைய காற்றுத் துவாரம் இருக்கும் கூரை ஓட்டையின் நான்கு ஓரங்களையும் சரிசெய்ய ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். பணம் கரைவதும் வண்டி கெடுவதும் அங்கேதான். அதனால் இந்தப் பதிவில் விசிறியைப் பற்றிக் குறைவாகவும் ஓரத்தைப் பற்றி நிறையவும் இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசிறி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். வெளிக்காற்றைவிடக் குளிராக ஆக்காது. 14 அங்குல விசிறி உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 900 கன அடி, அதாவது ஏறத்தாழ 25 கன மீட்டர் காற்றைத் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 1.9 மீட்டர் உயரம் உள்ள வண்டிக்குள் இருப்பது 19 கன மீட்டர் காற்று. கணக்குப்படி ஒரு நிமிடத்துக்குள் மொத்தக் காற்றும் மாறிவிட வேண்டும். கொசுவலையும் குறுகிய சன்னலும் அதில் பாதியைத் தின்றுவிட்டாலும் மிச்சமே தாராளம்.

வாங்குவதற்கு முன் அளவு

பழைய காற்றுத் துவாரத்தின் உள் சட்டத்தைக் கழற்றிவிட்டு ஓட்டையின் நான்கு பக்கத்தையும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ஓட்டை கோணலாகிவிட்டது. அமெரிக்க முறையில் கட்டிய வண்டிகளில் 14க்கு 14 அங்குலம், அதாவது 356 மில்லிமீட்டர். ஐரோப்பிய வண்டிகளில் 400க்கு 400 மில்லிமீட்டர் வரும். பழைய மினிபஸ்ஸையோ லோரியையோ இங்குள்ள பட்டறையில் வீடாக மாற்றியிருந்தால் எந்த அளவும் இருக்கலாம்; வெட்டியவரின் கைக்கு வந்ததுதான் அளவு.

400 மில்லிமீட்டர் ஓட்டையில் 14 அங்குல விசிறியை வைக்க, பக்கத்துக்கு 22 மில்லிமீட்டர் கட்டை அடித்துச் சுருக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. கூரை மேல் படிந்து உட்காரும் விசிறியின் விளிம்புத் தட்டு வெளி அளவில் 16 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். பழைய கூரையும் புதுக் கட்டையும் சேரும் கோட்டுக்கு மேலே அது ஒரு விரல் அகலம்கூட உட்காராது. அந்தக் கோடு பிளந்தால் தண்ணீர் நேரே கட்டைக்குள் இறங்கும். 500க்கு 500 மில்லிமீட்டரில் இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, நடுவில் 14 அங்குல ஓட்டை போட்டு, பாலியூரித்தேன் பசையால் கூரையோடு ஒட்டி, அதன் மேல் விசிறியை வையுங்கள். தகட்டின் நான்கு மூலைகளையும் அரத்தால் வட்டமாக்க வேண்டும். கூர் மூலை முதலில் தூக்கிக்கொள்ளும்.

அடுத்தது கூரையின் தடிப்பு. மேல் தகட்டிலிருந்து உள் பலகை வரை எவ்வளவு என்று பாருங்கள். உள் சட்டத்தின் கழுத்தை அதற்கேற்ப அறுக்க வேண்டியிருக்கும். வேன் கூரை போல ஒற்றைத் தகடாக இருந்தால், உள்ளே மரச்சட்டம் அடிக்காமல் திருகாணி பிடிக்க இடமே இருக்காது.

எந்த விசிறி என்றால், மழையிலும் ஓடுவதைத்தான் சொல்வேன். பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். விசிறி அதிகம் தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான். மேக்ஸ்ஃபேன் டீலக்ஸ் போன்றவற்றில் மழை மூடி கூடவே வரும், பெய்யும்போதும் ஓடும். ஃபேன்டாஸ்டிக் வென்ட் போன்றவற்றில் மூடி நேராகத் தூக்கி நிற்கும். சில ரகங்களில் மழைத்துளி பட்டதும் தானே மூடிக்கொள்ளும், இல்லையென்றால் தனியாக ஒரு வெளிக்கூடு வாங்கி மாட்ட வேண்டும். தானாக மூடுவது தண்ணீரைத் தடுக்கும், ஆனால் காற்றையும் நிறுத்திவிடும். உள்ளே படுத்திருப்பவருக்கு அது உதவாது.

மழை மூடியோடு வண்டியின் உயரமும் கூடும். மாட்டிய பிறகு அளந்து, எண்ணை ஓட்டுநர் முன்னால் எழுதி ஒட்டுங்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தாழ்ந்து தொங்கும் மட்டை, மூடியின் ஓரத்தைப் பிடித்து உரித்துவிடும். அதன் முள் பிளாஸ்டிக்குக்கு இரக்கம் காட்டாது.

பழைய துவாரம் இருக்கும்போது புது ஓட்டை வெட்டாதீர்கள். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கசிவுக்குக் காத்திருக்கும் இடம். வெட்டியே ஆக வேண்டும் என்றால், கூரையை வெட்டுவது வண்டியின் கட்டமைப்பில் கை வைப்பது. ஜேபிஜேயில், அதாவது சாலைப் போக்குவரத்துத் துறையில், கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

சாமான்

மெரந்திக் கட்டை, பிளைவுட், திருகாணி, மின்கம்பி எல்லாம் பட்டணத்து ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். பியூட்டில் டேப்பும் (விளிம்புக்கு அடியில் ஒட்டும் ரப்பர் நாடா) தானே பரவும் கூரைச் சீலண்டும் (தண்ணீர் புகாமல் மேலே அடைக்கும் பசை) அங்கே பெரும்பாலும் இருக்காது. முன்கூட்டியே ஆர்டர் போட வேண்டும். கடைக்காரர் அதற்குப் பதிலாக சிலிக்கோன் குழாயை நீட்டுவார். வாங்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

பியூட்டில் டேப் மூன்று மில்லிமீட்டர் தடிப்பு, 25 மில்லிமீட்டர் அகலம், ஒரு சுருள். ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும், மிச்சத்தை மேடுபள்ளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சீலண்ட் 300 மில்லி குழாய் இரண்டு. விளிம்பைச் சுற்றி 1.7 மீட்டர் நீளத்துக்கு நான்கு சென்டிமீட்டர் அகலம், நான்கு மில்லிமீட்டர் தடிப்பு என்று போட்டாலே 270 மில்லி போய்விடும். திருகாணித் தலைகளுக்கு மிஞ்சாது. அதனால்தான் இரண்டு. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி எட்டாம் நம்பர், ஓர் அங்குலம். விளிம்பில் எத்தனை துளை இருக்கிறதோ அத்தனை, கூட நான்கு. கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர், சிவப்பும் கறுப்பும். ஃபியூஸ் கூடு, அமுக்கி இணைக்கும் கிரிம்ப் கனெக்டர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், வெள்ளைத் துணி, பிளாஸ்டிக் சுரண்டி, சூட்டுத் துப்பாக்கி, மல்டிமீட்டர். கூரையில் மண்டியிட 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று, ஒன்றே கால் மீட்டர் நீளத்தில். மழைக்கு ஒரு தார்ப்பாய். இந்தத் தார்ப்பாயை வாங்காமல் விடுபவர்கள்தான் வேலை நடுவில் பிற்பகல் மூன்று மணிக்கு வானத்தைப் பார்த்து ஓடுகிறார்கள்.

கழற்றுவது

காலை ஏழரைக்குத் தொடங்குங்கள். பதினொரு மணிக்கு மேல் கூரைத் தகடு கையைச் சுடும், பியூட்டில் கையோடு வரும்.

முதலில் மின்சாரம். கூரையில் சோலார் இருந்தால் பலகையின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பிறகு பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றுங்கள். வரிசையை மாற்றினால் பேட்டரி இல்லாத சோலார் கட்டுப்படுத்திக்குள் பலகையின் வோல்ட் நேராகப் பாயும், சிலது அதிலேயே போய்விடும்.

பழைய கூரை ஆள் பாரத்தைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். பிளைவுட்டைக் குறுக்குச் சட்டங்கள் இரண்டின் மேல் படும்படி போட்டு, அதன் மேல் மட்டும் மண்டியிடுங்கள். ஏணியின் தலையைக் கட்ட மறக்காதீர்கள்.

பழைய திருகாணிகள் இருபது வருஷச் சீலண்டுக்குள் புதைந்திருக்கும். ஒவ்வொரு தலையின் பள்ளத்தையும் ஊசியால் குடைந்து சுத்தம் செய்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை வையுங்கள். பாதி துருவேறியது சுற்றாமல் வழுக்கினால் ஐந்து மில்லிமீட்டர் துளைக்கம்பியால் தலையை மட்டும் எடுத்துவிடலாம். உடம்பைப் பிறகு குறடால் திருகி எடுக்கலாம். விளிம்புக்கு அடியில் மெல்லிய பட்டைக் கத்தியைப் படுக்கை வாட்டில் செருகி, குறைந்த சூட்டில் துப்பாக்கியை நகர்த்திக்கொண்டே மெல்ல மெல்லத் தள்ளிப் போங்கள். கடப்பாரை வைத்து நெம்பினால் அலுமினியம் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் இனி ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தேங்கும்.

இப்போது சிலிக்கோன். பழைய வண்டியில் யாராவது ஒருவர் கசிவை அடைக்க வெள்ளை சிலிக்கோனைப் பூசி வைத்திருப்பார். அது பூசிய இடத்தில் வேறு எந்தச் சீலண்டும் பிடிக்காது, புது சிலிக்கோன்கூடப் பழையதன் மேல் ஒழுங்காக ஒட்டாது. புளிச்ச வாடை அடிக்கும் ரகம் என்றால் உலோகத்தையும் அரிக்கும். சுரண்டி, சிலிக்கோன் நீக்கி போட்டு ஊறவைத்து, மறுபடி சுரண்டி, ஆல்கஹாலால் துடையுங்கள். பளிச்சென்று தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். விரலால் தடவும்போது ஓரிடம் மட்டும் வழவழப்பாக இருந்தால் அங்கே படலம் இருக்கிறது. அலுப்பான வேலைதான். பாதி நாள் இதற்கே போனாலும் போகட்டும்.

மரம்

ஓட்டையின் ஓரத்தில் தெரியும் கட்டையை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு இரண்டு அங்குலத்துக்கும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் திருப்பி அனுப்பும். கெட்டது ஊறிய ரொட்டி மாதிரி வாங்கிக்கொள்ளும். கறுப்புக் கறை இருந்தாலே கெட்டுவிட்டது என்று இல்லை, கறை படிந்தும் கெட்டியாக இருக்கும் மரம் உண்டு. கறை இல்லாமல், விரல் பட்டதும் தூளாகும் மரமும் உண்டு. அது கரையான் வேலையாகவும் இருக்கலாம்.

உள் கூரையில் கறை தெரியும் இடத்துக்கு மேலேதான் கசிவு என்று நினைக்காதீர்கள். தண்ணீர் மரத்தின் நரம்போடும், பஞ்சுப் பலகைக்கும் தகட்டுக்கும் இடையிலும் ஓடி, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் போய்ச் சொட்டும். வாசற்படிக்கு மேலே சொட்டும் தண்ணீர் நடுக்கூரைத் துவாரத்திலிருந்து வந்ததாக இருக்கலாம்.

கெட்ட கட்டையை நல்ல மரம் தெரியும் வரை அறுத்து எடுங்கள். பாதி கெட்டதன் மேல் ரெசின் ஊற்றி மூடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேலே கல்லாகும், அடியில் தொடர்ந்து அழுகும். புதுக் கட்டை மெரந்தி போதும், ஆனால் காய்ந்ததாக, பூச்சி மருந்து ஏற்றியதாக இருக்க வேண்டும். அகலம் 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, தடிப்பு மேல் தகட்டுக்கும் உள் பலகைக்கும் இடையில் எவ்வளவோ அவ்வளவு. முன்னும் பின்னும் ஓடும் இரண்டு கட்டைகளை ஓட்டையைத் தாண்டிக் குறுக்குச் சட்டத்தில் போய் உட்காரும்படி நீளமாக வையுங்கள். விசிறியின் பாரமும் மூடியில் மோதும் காற்றும் அப்போது தகட்டில் தொங்காமல் சட்டத்தில் இறங்கும்.

ஈரத்தோடு மூடினால் செய்த வேலை அத்தனையும் வீண். ஊசி முனை வைத்து அளக்கும் ஈரமானி 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் மூடாதீர்கள். மேலே தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டி, கீழே ஒரு மேசை விசிறியை ஓட்டையைப் பார்த்து வைத்து இரண்டு மூன்று நாள் ஓட விடுங்கள். நம் ஊர்க் காற்றே ஈரம். சூரியனை மட்டும் நம்பினால் மரத்தின் மேல்தோல் காயும், உள்ளே காயாது.

உட்கார வைப்பது

பசை எதுவும் போடாமல் முதலில் வெறும் விளிம்பை இறக்கிப் பாருங்கள். நான்கு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். தட்டி இறக்க வேண்டியிருந்தால் ஓட்டை சின்னது. கட்டையைச் சீவுங்கள், பிளாஸ்டிக்கை வளைக்காதீர்கள்.

திசையைக் கவனியுங்கள். மூடி வண்டியின் பின்பக்கம் பார்த்துத் திறக்க வேண்டும். விளிம்பில் அம்புக்குறி இருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில் படம் இருக்கும். முன்பக்கம் திறக்கும்படி மாட்டிய மூடி, நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டால் கீலோடு பிய்ந்து போகும். திருகாணி அடித்து, சீலண்ட் போட்டு, மூடியைப் பொருத்தும்போதுதான் பலருக்கு இது தெரியவரும். அதற்குள் பியூட்டில் பிடித்திருக்கும்.

ஒரு கோப்பை தண்ணீரை ஓட்டையின் ஓரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் ஓட்டையை விட்டு விலகி ஓடினால் நல்லது. ஓட்டையைப் பார்த்து வந்தாலோ, அங்கேயே குளமாக நின்றாலோ கூரை தொங்கிவிட்டது. ஒரு மீட்டர் ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து, நடுவில் எவ்வளவு பள்ளம் என்று பாருங்கள். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் என்றால் உள்ளிருந்து கட்டைச் சட்டத்தைத் தூக்கி அடிக்க வேண்டும். குறைவு என்றால் பள்ளமான பக்கத்தில் பியூட்டில் இரண்டு அடுக்காகப் போட்டுச் சமாளிக்கலாம்.

பியூட்டில் டேப் என்பது ஒருவகைச் செயற்கை ரப்பர். ஒட்டுப்பாலை விரலால் இழுத்துப் பழகியவர்களுக்கு அதன் குணம் உடனே பிடிபடும்: காய்ந்து இறுகாது, இழுத்தால் நூலாக வரும், அழுத்தினால் இடுக்கில் எல்லாம் போய் உட்காரும். அதனால்தான் விளிம்புக்கு அடியில் அது வேண்டும். வெயிலில் தகடும் பிளாஸ்டிக்கும் வேறுவேறு அளவில் விரியும். இறுகிய பசை பிளந்துவிடும், பியூட்டில் கூடவே நகரும். இன்னொரு காரணமும் உண்டு. பாலிகார்பனேட் போன்ற சில பிளாஸ்டிக்குகளில் பாலியூரித்தேன் பசை பட்டால் நாளடைவில் மயிரிழை வெடிப்பு விழும். விசிறியோடு வரும் தாளில் எந்தச் சீலண்ட் போடலாம் என்று எழுதியிருப்பார்கள், அதை மீறாதீர்கள்.

டேப்பைக் கூரையில் ஒட்டாமல் விளிம்பின் அடிப்பக்கத்தில் ஒட்டுங்கள். மூலையில் இழுத்து வளைக்காமல் வெட்டி, அடுத்த துண்டை நெருக்கி வைத்து விரலால் பிசைந்து ஒன்றாக்குங்கள். இழுத்து வளைத்த இடம் மெலியும், முதல் கசிவு அங்கேதான். சுருளை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தால் வெட்டும்போது நூல் இழுக்காது. கூரையைக் கடைசியாக ஒரு தடவை ஆல்கஹாலால் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, மேல் காகிதத்தை உரித்து, ஒரே தடவையில் நேராக இறக்குங்கள். வைத்த பிறகு நகர்த்த முடியாது.

ஒவ்வொரு துளைக்கும் முன்கூட்டியே 2.5 அல்லது 3 மில்லிமீட்டரில் துளையிடுங்கள். துளையிடாமல் அடித்தால் மெரந்தி ஓரத்தில் பிளக்கும். ஒவ்வொரு திருகாணியின் கழுத்திலும் பியூட்டில் துணுக்கு ஒன்றைச் சுற்றுங்கள். தண்ணீர் மரையோடு இறங்காது, எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று அரிப்பதும் குறையும். முதலில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒன்று, பிறகு எதிரெதிராக மற்றவை, கடைசியில் மூலைகள். மின் டிரில்லை ஒதுக்கி வையுங்கள், கையால் இறுக்குங்கள். விளிம்பைச் சுற்றிலும் பியூட்டில் இரண்டு மில்லிமீட்டர் சீராகப் பிதுங்கினால் நிறுத்த வேண்டும். மேலும் திருகினால் திருகாணிகளுக்கு இடையே விளிம்பு அலையலையாக மேலெழும்பும். கண்ணை விளிம்பின் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் அந்த அலை தெரியும். தெரிந்தால் கால் சுற்று தளர்த்துங்கள்.

மறுநாள் காலை திரும்ப ஏறி ஒவ்வொன்றையும் சோதியுங்கள். பியூட்டில் ராத்திரி முழுக்க மெல்லப் பரவியிருக்கும், திருகாணிகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கால் சுற்று கொடுத்து, பிதுங்கியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்துவிட்டு, அதன் பிறகே மேல் சீலண்ட். அன்றைக்கே போட்டு முடித்தால் இந்தக் கால் சுற்றைக் கொடுக்கவே முடியாது. இடையில் வரும் இரவு மழைக்குத் தார்ப்பாய் இருக்கிறது.

மேல் சீலண்ட் விளிம்பின் வெளி ஓரத்தையும் திருகாணித் தலைகளையும் மூட வேண்டும். காற்றின் ஈரத்தால் இறுகும் ரகம் நம் ஊரில் சுணங்காது. ஆனால் தோல் கட்டுவதற்குள் துளி விழுந்தால் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும்.

மின்சாரம்

விசிறி மெதுவாக ஓடும்போது அரை ஆம்பியருக்குள், உச்சத்தில் ரகத்தைப் பொறுத்து மூன்றிலிருந்து ஐந்து ஆம்பியர் வரை இழுக்கும். எட்டு மணி நேரம் மெதுவாக ஓடினால் நான்கு ஆம்பியர்-மணி. மூன்று ஆம்பியரில் ஓடினால் 24. நூறு ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

கூரை விளக்கின் கம்பியிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்பது எல்லோருக்கும் வரும் ஆசை. அந்தக் கம்பி பெரும்பாலும் மெல்லியது. பேட்டரியிலிருந்து ஆறு மீட்டர் தூரம் என்றால் போய் வர 12 மீட்டர். மூன்று ஆம்பியருக்கு, அரை சதுர மில்லிமீட்டர் கம்பியில் 1.26 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5 சதுர மில்லிமீட்டரில் கால் வோல்ட்தான். விசிறி முக்கி முனகிச் சுற்றினால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் கம்பியைப் பாருங்கள். விசிறி ஓடும்போதே அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும். ஓடாதபோது அளந்தால் எந்தக் கம்பியும் 12.6 காட்டும்.

நிறத்தை நம்பாதீர்கள். பழைய அமெரிக்க மோட்டார்ஹோம்களின் 12 வோல்ட் கம்பிகளில் கறுப்பு பாசிட்டிவ்வாகவும் வெள்ளை நெகடிவ்வாகவும் இருப்பது வழக்கம். காரில் பழகிய கைக்கு கறுப்பு என்றால் நெகடிவ். மாற்றிக் கொடுத்தால் வெறும் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றும். ரிமோட்டும் சென்சாரும் உள்ள விசிறி என்றால் அதன் மின்சுற்றுப் பலகை கருகும். மீட்டர் வைத்துப் பார்த்து, நீங்களே சிவப்பு டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

லோரி, மினிபஸ் மேல் கட்டிய வண்டிகளில் பல 24 வோல்ட். அதில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து விசிறிக்குக் கொடுத்தால் ஓடும், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒன்று மட்டும் வடிந்துகொண்டே இருக்கும், ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்து ஏற்றும். வடிந்தது நிறையாது, மற்றது கொதிக்கும். சில மாதத்தில் இரண்டுமே போகும். வீட்டுப் பகுதிக்குத் தனி 12 வோல்ட் பேட்டரி இருந்தால் அதிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் 24-12 கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுங்கள்.

ஃபியூஸ் பேட்டரி பக்கம் இருக்க வேண்டும். அது காப்பது கம்பியை. மூன்று ஆம்பியர் விசிறிக்கு ஐந்து ஆம்பியர், ஐந்து ஆம்பியர் விசிறிக்கு ஏழரை. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கூரைச் சூட்டில் பிசின் உருகி அவிழும், கிரிம்ப் போடுங்கள். தகட்டு ஓட்டை வழியாகக் கம்பி போனால் ரப்பர் வளையம் கட்டாயம்.

சோதனையும் அதன் பிறகும்

மேல் சீலண்ட் போட்டு ஒரு நாள் கழித்துத் தண்ணீர்ச் சோதனை. உள்ளே ஒருவர் டார்ச்சோடு, ஓட்டையின் உள் ஓரம் முழுக்க டிஷ்யூ தாளை ஒட்டிவைத்துக்கொண்டு நிற்கட்டும். உள் சட்டத்தை இன்னும் மாட்ட வேண்டாம். வெளியே சாதாரணக் குழாயை, தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கிப் பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். மேலிருந்து ஊற்றினால் நான்கு பக்கமும் ஒன்றாக நனைந்து, எங்கே கசிகிறது என்று தெரியாமல் போகும். டிஷ்யூவில் காசளவு ஈரம் தெரிந்தாலே போதும், எந்தப் பக்கம் என்று பிடித்துவிடலாம். அழுத்தக் குழாய் வேண்டாம், அது நல்ல சீலையும் கிழிக்கும்.

உள் சட்டத்தை மாட்டும்போது, வெளியே தெரியும் கட்டைக்கும் தகட்டு ஓரத்துக்கும் பஞ்சு நாடா ஒட்டிவிடுங்கள். ஏர்கோனும் உள்ள வண்டியில் விசிறிச் சட்டத்தைச் சுற்றி நீர் முத்துகள் கோக்கும். கசிவு என்று பதறிக் கூரையைக் கிழிப்பார்கள். மழை இல்லாத நாளில், ஏர்கோன் ஓடும்போது, நான்கு பக்கமும் ஒரே மாதிரி வியர்த்தால் அது காற்றின் ஈரம். மழைக்குப் பின், ஒரு பக்கம் மட்டும், பழுப்பு நிறத்தில் வந்தால் அது கசிவு.

விசிறியை ஓட விடும்போது காற்றை வெளியே தள்ளும்படி வைத்து, எதிர்க்கோடியில் இருக்கும் ஒரே ஒரு சன்னலைத் திறங்கள். எல்லாவற்றையும் திறந்தால் பக்கத்துச் சன்னலிலிருந்தே காற்றை எடுத்துக்கொண்டு படுக்கையைத் தொடாமல் போய்விடும். எல்லாவற்றையும் மூடிவிட்டு விசிறியை ஓட விடுவது ஆபத்து: காற்று வர வழி இல்லாமல் கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் வழியே உள்ளே இழுக்கும், அதோடு கார்பன் மோனாக்ஸைடும் வரும். பக்கத்தில் ஆலை ஓடும் நாளில் உள்ளே இழுக்கும் பொத்தானைத் தொடாதீர்கள், செம்பனை வாடை மெத்தையில் ஏறினால் ஒரு வாரம் போகாது. புகைமூட்டக் காலத்திலும் அப்படித்தான்.

உள்ளே சம்பலும் கறியும் தாளிக்கும் வீட்டில் இறக்கைகளிலும் கொசுவலையிலும் மூன்று மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதன் மேல் செம்மண் தூசு ஒட்டிக்கொள்ளும். வலையைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்துக் கழுவுங்கள். நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் மூடிக்கு அடியில் குளவி மண்கூடு கட்டும். ஓட்டுமுன் எட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை, செப்டம்பரில், மழை தொடங்குமுன் கூரையேறிச் சீலண்டில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். வெடித்த இடத்தைச் சுத்தம் செய்து அதே ரகச் சீலண்டை மேலே போட்டால் போதும். முதலில் வாங்கிய இரண்டாவது குழாயில் மிச்சம் இருக்கும் என்று நம்ப வேண்டாம், திறந்த குழாய் ஒரு மாதத்தில் கல்லாகியிருக்கும்.